640 கிளிப், எட்டு வெளிச்சம்: கல்யாண வீடியோவுக்கு வேகமாகக் கலர் பண்ணுவது எப்படி

கல்யாண சீசனில் மதுரைப் பக்கம் எடிட்டிங் பண்ணுகிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், வெட்டி ஒட்ட மூன்று நாள், கலர் பண்ண, அதாவது நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்ய, ஐந்து நாள் என்று புலம்புவார்கள். நானும் சில வருஷம் அப்படித்தான் புலம்பிக்கொண்டிருந்தேன். முதல் கிளிப்பை, அதாவது முதல் வீடியோத் துண்டைத் திறப்பது, முகம் நன்றாகத் தெரியும்வரை நிறம் மாற்றுகிற கலர் வீலைத் திருப்புவது, அடுத்த கிளிப்புக்குப் போவது, அங்கே மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பது. இருநூறாவது கிளிப்புக்கு வரும்போது விடிந்துவிடும். அதை முதல் கிளிப்போடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கல்யாணப் பொண்ணு அக்கா தங்கை மாதிரி இரண்டு நிறத்தில் இருப்பாள்.

ஒரு நாள் கடுப்பில் எண்ணிப் பார்த்தேன். டைம்லைனில், அதாவது வெட்டி வரிசையாக அடுக்கிய வீடியோவில், 640 கிளிப் இருந்தது. ஆனால் அவ்வளவும் எடுத்தது எட்டே எட்டு வெளிச்சத்தில்தான். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, தெருவிளக்கும் சீரியல் செட்டும். ரிசப்ஷன் மேடை, பின்னால் எல்.இ.டி. வால், மேலேயிருந்து ஊதாவும் நீலமும் அடிக்கிற பார் லைட். பந்தி ஹாலில் ட்யூப் லைட். பொண்ணு அறையில் மேக்கப் லைட்டும் ஜன்னல் வெளிச்சமும். மணவறையில் மஞ்சள் ஃபோகஸ் லைட், கூடவே ஹோமப் புகை. விடிகாலை மண்டப வாசல், வாழைமரம் கட்டிய இடம். அப்புறம் பெண் வீட்டுக்குள்ளே பால் பழம் கொடுப்பது. கடைசியில் தெப்பக்குளத்துக் கரையில் எடுத்த ஜோடி ஷாட், நல்ல வெயிலில். எட்டு முறை யோசித்தால் முடிகிற வேலைக்கு நான் 640 முறை யோசித்துக்கொண்டிருந்தேன்.

கீழே சொல்வதெல்லாம் அந்த எட்டைப் பிடித்துக்கொண்டு வேலையைக் குறைக்கிற வழிதான். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்களுக்கு அதன் இலவசப் பதிப்பே பெரும்பாலும் போதும். 4கே வரை, நொடிக்கு 60 ஃப்ரேம் வரை எக்ஸ்போர்ட் ஆகும். நாய்ஸ் ரிடக்ஷன் (இருட்டில் வருகிற புள்ளி புள்ளியைக் குறைப்பது), மேஜிக் மாஸ்க் (ஆளை மட்டும் தானாகப் பிரித்தெடுப்பது) மாதிரி சில விஷயம் மட்டும் 295 டாலர் ஸ்டூடியோ பதிப்பில் இருக்கிறது, அதுவும் ஒரே தடவை கட்டுகிற காசு, மாதாமாதம் கிடையாது. ப்ரீமியரில் வேலை செய்கிறவர்கள் பயப்பட வேண்டாம், பட்டன்தான் மாறும். அங்கே லுமெட்ரியும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரும் வைத்து இதே முறையில் ஓரளவு செய்துவிடலாம்.

கலரைத் தொடுவதற்கு முன்னால்

முதலில் உங்கள் மானிட்டர் உங்களிடம் பொய் சொல்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் நைட் லைட் என்று ஒன்று உண்டு, ராத்திரி ஆனால் திரையை மஞ்சளாக்கும், கண்ணுக்கு நல்லதென்று நான் போட்டு வைத்திருந்தேன். அது ஓடுகிறது என்பதே மறந்து ஒரு ராத்திரி முழுக்க முகூர்த்தம் கலர் பண்ணினேன். திரை மஞ்சளாகத் தெரிந்ததால் என் கை தானாக நீலத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. நாலு நாள் கழித்துப் பொண்ணின் தாய்மாமன் போன் பண்ணினார். “என்னப்பா, எங்க வீட்டுப் பிள்ளைக்குக் கிருஷ்ணர் வேஷம் கட்டிவிட்டிருக்க?” பதில் சொல்ல வாய் வரவில்லை. மொத்தமும் திரும்பச் செய்தேன், காசு கேட்க முடியுமா? ஆகவே நைட் லைட், லேப்டாப்பில் தானாக வெளிச்சம் மாறுகிற வசதி, மானிட்டரில் விவிட் மோடு எல்லாவற்றையும் அணையுங்கள். மானிட்டரின் வெண்மை 6500 கெல்வினில் இருக்கட்டும். அறைச் சுவர் கிளிப்பச்சையாக இருந்தால் அந்தப் பச்சையும் உங்கள் கண்ணை ஏமாற்றும், பெயின்ட் அடிக்க வழியில்லையென்றால் மானிட்டருக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறத் துணியாவது தொங்கவிடுங்கள். என் அறையில் இன்னமும் துணிதான்.

அடுத்தது மெஷின். பிளே பண்ணும்போது படம் திக்கித் திக்கி ஓடினால் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வேகம் வராது. இப்போதைய கேமராக்களில் 10 பிட், 4:2:2, ஹெச்.265 என்று நிறத் தகவலை நிறைய வைத்து இறுக்கிச் சுருக்குகிற வகையில் எடுக்கிறார்கள், ஃபைல் சின்னதாக இருக்கும், பிரித்துப் படிப்பதற்குள் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான ப்ராசசர்களுக்குள் இருக்கிற கிராபிக்ஸும், என்விடியாவில் 50 சீரிஸ் கார்டுகளும் இந்த வகை ஃபைலை வன்பொருளிலேயே பிரிக்கும், அதற்கு முந்தைய என்விடியா கார்டுகளால் முடியாது. எஃப் என்ற எழுத்தில் முடிகிற இன்டெல் ப்ராசசரில் உள் கிராபிக்ஸே இருக்காது, கடையில் கொஞ்சம் விலை குறைவு என்று அதைத் தலையில் கட்டுவார்கள், எடிட்டிங்குக்கு என்றால் வேண்டாம்.

புது மெஷின் வாங்கக் காசு இல்லையா, ப்ராக்ஸி, அதாவது வேலைக்கு மட்டும் சின்ன அளவு நகல், போடுங்கள். கிளிப்பெல்லாம் சேர்ந்திருக்கிற மீடியா பூலில் எல்லாவற்றையும் செலக்ட் பண்ணி ரைட் கிளிக், ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா. அதற்கு முன்னால் பிராஜெக்ட் செட்டிங்ஸில் ப்ராக்ஸியின் அளவைப் பாதி அல்லது கால் என்றும், வடிவத்தை டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் என்றும் வைத்துவிடுங்கள். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போனால் காலையில் தயாராக இருக்கும். கரண்ட் போனால் பாதியில் நிற்கும், யுபிஎஸ் இல்லாதவர்கள் பகுதி பகுதியாகப் போடுவது நல்லது. கேஷ் ஃபைல் (மென்பொருள் முன்கூட்டிக் கணக்குப் போட்டு வைக்கிற தற்காலிக ஃபைல்) சேருகிற இடத்தைப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுங்கள், அது ஒன்றே பெரிய வித்தியாசம் காட்டும். பிளேபேக் மெனுவில் ரெண்டர் கேஷை ஸ்மார்ட் என்று வைத்தால் கனமான இடத்தை அதுவே பார்த்து முன்கூட்டிச் செய்து வைத்துக்கொள்ளும்.

லாக் எடுத்தவர்கள் கவனத்துக்கு

லாக் என்பது பின்னால் கலர் பண்ண வசதியாக வெளிச்ச விவரத்தைச் சுருக்கிப் பதிவது. சோனியில் எஸ்-லாக்3, கேனான் லாக், ட்ரோனில் டி-லாக் என்று எடுத்திருந்தால் படம் வெளுத்துச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அதை ஒவ்வொரு கிளிப்பாக லட் (நிறத்தை மாற்றுகிற தயார் அட்டவணை) போட்டுத் திருப்பாதீர்கள். பிராஜெக்ட் செட்டிங்ஸ், கலர் மேனேஜ்மென்ட், அதில் கலர் சயின்ஸ் என்ற இடத்தில் டாவின்சி ஒய்ஆர்ஜிபி கலர் மேனேஜ்டு என்று மாற்றுங்கள், அவுட்புட் ரெக்.709, அதாவது சாதாரண டிவிக்கான நிறத் தரம். பிறகு மீடியா பூலில் சோனி கிளிப் எல்லாவற்றையும் மொத்தமாக செலக்ட் பண்ணி ரைட் கிளிக்கில் இன்புட் கலர் ஸ்பேஸ் எஸ்-கேமட்3.சினி, எஸ்-லாக்3 என்று சொல்லுங்கள். ட்ரோன் கிளிப்புக்கு அதன் லாக். போனில் எடுத்த சாதாரண வீடியோவுக்கு ரெக்.709. அவ்வளவுதான், ஐந்து நிமிஷத்தில் எல்லாக் கேமராவும் ஒரே தரைக்கு வந்துவிடும்.

இங்கே புதியவர்கள் எல்லோரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. கலர் மேனேஜ்மென்ட்டை ஆன் பண்ணிவிட்டு, பழக்கதோஷத்தில் லாக்கிலிருந்து 709-க்கு மாற்றுகிற லட்டையும் மேலே போடுவார்கள். இரண்டு தடவை மாற்றினால் படம் கரி பிடித்த மாதிரி இருட்டும், முகம் செங்கல் நிறத்துக்குப் போகும். இரண்டில் ஒன்றுதான்.

இன்னொன்று. சோனி ஏ7 3 மாதிரி உள்ளுக்குள் 8 பிட் மட்டும் எழுதுகிற கேமரா கையில் இருந்தால், எஸ்-லாக்3 பக்கமே போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து. 8 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான், 10 பிட்டில் 1024. அந்த 256-ஐ லாக்கில் இன்னும் நெருக்கி வைத்துவிட்டு பிறகு எடிட்டிங்கில் இழுத்தால் வானத்திலும் சுவரிலும் பட்டை பட்டையாகத் தெரியும். அதைச் சரிபண்ண உட்கார்ந்தால் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் போச்சு. சாதாரண ப்ரொஃபைலில் ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரிய வைக்கிற அமைப்பை, சரியாக வைத்து எடுத்தாலே பாதிக் கலர் முடிந்த மாதிரி.

கேமராமேனிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்ள வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சாதாரண விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். 25 ஃப்ரேமில் ஷட்டர் 1/50 வைத்தால் மினுக்கல் தெரியாது, 1/60, 1/125 என்று வைத்தால் பந்தி ஹால் முழுக்க வரிவரியாக ஓடும். அதை எடிட்டிங்கில் எடுப்பது நரக வேதனை.

வெளிச்சம் வாரியாகப் பிரிப்பது

கலர் பேஜுக்குப் போகும் முன்பே, எடிட் பேஜில் வெட்டும்போதே, ஒவ்வொரு கிளிப்புக்கும் கிளிப் கலர் கொடுத்துவிடுங்கள், இது அடையாளத்துக்கு மட்டும், படத்தின் நிறம் மாறாது. ரைட் கிளிக், கிளிப் கலர், ஏதாவது ஒன்று. மணவறை ஆரஞ்சு, பந்தி பச்சை, ரிசப்ஷன் ஊதா என்று நான் வைத்திருக்கிறேன், எந்த நிறம் என்பது முக்கியமில்லை, எல்லாக் கல்யாணத்துக்கும் அதே நிறம் என்பதுதான் முக்கியம். நிகழ்ச்சியைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், வெளிச்சத்தைப் பாருங்கள். மாலை மாற்றுவதும் தாலி கட்டுவதும் வேறு வேறு சடங்கு, ஆனால் ஒரே மணவறை, ஒரே லைட், ஆகவே ஒரே நிறம். ரிசப்ஷனில் நடுவில் ஒரு மணி நேரம் கரண்ட் போய் ஜெனரேட்டரில் பாதி லைட் மட்டும் எரிந்ததென்றால் அது தனி நிறம்.

இப்போது கலர் பேஜுக்கு வாருங்கள். மேலே கிளிப்ஸ் என்ற பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற அம்பை அழுத்தினால் கிளிப் கலர் வாரியாக வடிகட்டலாம். ஆரஞ்சு மட்டும் தெரியும்படி வைத்து, கன்ட்ரோல்-ஏ அழுத்தி எல்லாவற்றையும் பிடித்து, ரைட் கிளிக், ஆட் இன்டு எ நியூ குரூப். பெயர் ‘மணவறை’. இப்படி எட்டு குரூப். ஒரு கிளிப் ஒரு குரூப்பில்தான் இருக்க முடியும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கேமரா இரண்டு கம்பெனி என்றால், கலர் மேனேஜ்மென்ட் போட்ட பிறகும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், அப்போது ‘மணவறை சோனி’, ‘மணவறை கேனான்’ என்று இரண்டாகப் பிரிப்பது பிற்பாடு நிம்மதி.

குரூப் போட்டதும் நோட் வரைபடத்துக்கு (ஒவ்வொரு திருத்தத்தையும் ஒரு கட்டமாகக் காட்டுகிற படம், அந்தக் கட்டம்தான் நோட்) மேலே நாலு அடுக்கு கிடைக்கும். குரூப் ப்ரீ-கிளிப், கிளிப், குரூப் போஸ்ட்-கிளிப், டைம்லைன். படம் இதே வரிசையில்தான் இவற்றுக்குள் போய் வெளியே வருகிறது. ப்ரீ-கிளிப்பில் நீங்கள் எதைச் செய்தாலும் அந்தக் குரூப்பில் இருக்கிற நூறு கிளிப்புக்கும் அந்த நொடியே ஏறிவிடும். ஆகவே அந்த வெளிச்சத்துக்கே உரிய கோளாறு, அதாவது ட்யூப் லைட்டின் பச்சை, ஃபோகஸ் லைட்டின் மஞ்சள், அதெல்லாம் ப்ரீ-கிளிப்பில். ஒரு ஷாட்டுக்கு மட்டும் கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் வெளுப்பு என்றால் அது கிளிப் அடுக்கில். அழகுக்காகப் போடுகிற லுக் போஸ்ட்-கிளிப்பில். டைம்லைன் அடுக்கை நான் காலியாகவே விடுகிறேன், ஏனென்றால் அங்கே போட்டது பெயர் எழுதிய டைட்டில் மேலேயும் ஏறும், பத்திரிகையை ஸ்கேன் பண்ணி வைத்த படத்தின் மேலேயும் ஏறும்.

சூரியனை நம்பி எடுத்த ஃபூட்டேஜுக்கு மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் தடுமாறும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை எடுத்திருந்தால், இருட்டில் விளக்கு வெளிச்சம், அப்புறம் நீலமாக விடியல், அப்புறம் முழு வெயில் என்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் மாறிவிடும். அங்கே நேரத்தை வைத்துக் குரூப் பிரியுங்கள், கால் மணிக்கு ஒன்று. அவனியாபுரம் ஜல்லிக்கட்டு மாதிரி நாள் முழுக்க வெயிலில் எடுத்ததற்கு காலை, உச்சி, சாயங்காலம் என்று மூன்று போதும், தூசி எப்படியும் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும்.

மாதிரிக் கிளிப்பும் வேட்டியும்

ஒவ்வொரு குரூப்பிலும் ஒரு மாதிரிக் கிளிப் தேர்ந்தெடுங்கள். முகம், வெள்ளையான ஏதாவது ஒரு பொருள், கொஞ்சம் இருட்டு, மூன்றும் ஒரே ஃப்ரேமில் இருக்க வேண்டும். மணவறையில் ஐயரும் மாப்பிள்ளையும் பொண்ணும் சேர்ந்து இருக்கிற வைடு ஷாட் நல்ல மாதிரி. இதை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள், பத்து நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை.

ஒயிட் பேலன்ஸ் பிக்கர் என்கிற சொட்டு மருந்துக் குழாய் மாதிரி ஒரு பட்டன் பிரைமரிஸில் இருக்கிறது, வெள்ளைப் பொருளில் வைத்து அழுத்தினால் மஞ்சளும் நீலமும் சமனாகும். யூட்யூபில் எல்லோரும் வெள்ளைச் சுவரில் அழுத்துங்கள் என்பார்கள். நம் மண்டபத்தில் வெள்ளைச் சுவர் எங்கே இருக்கிறது, எல்லாம் சந்தன நிறம், ரோஸ், டிஸ்டெம்பர் பச்சை. அதனால் நான் வேட்டியைத் தேடுவேன். அதிலும் மாப்பிள்ளை வேட்டியைத் தொடாதீர்கள், அது பட்டு வேட்டி, உண்மையில் வெள்ளையே கிடையாது, இளம் சந்தன நிறம். அதில் அழுத்தினால் மென்பொருள் அந்தச் சந்தனத்தை வெள்ளையாக்கப் பார்க்கும், மொத்தப் படமும் நீலமாகும். சரி, பக்கத்தில் நிற்கிற பெரியவரின் பருத்தி வேட்டியில் அழுத்துகிறீர்கள், அங்கேயும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வீட்டில் சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி கண்ணுக்குப் பளிச்சென்று வெள்ளை, கேமராவுக்கு லேசான நீலம். அதில் அழுத்தினால் எதிர்ப்பக்கம் மஞ்சளுக்குப் போகும். எனக்கு இதைக் கண்டுபிடிக்கவே ஒரு சீசன் ஆயிற்று, கிராமத்துக் கல்யாணம் மட்டும் ஏன் மஞ்சளாக வருகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு மூன்று வேட்டியில் அழுத்திப் பார்த்து நடுவில் வருவதை எடுத்துக்கொள்கிறேன், மேளக்காரர் துண்டும் நன்றாக உதவும். அதற்கப்புறம் டெம்ப் (மஞ்சள்-நீலம்), டின்ட் (பச்சை-மெஜந்தா) இரண்டையும் கண்ணால் பார்த்துக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

மணவறையை முழு வெள்ளைக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். ஃபோகஸ் லைட்டின் மஞ்சளில் கால்வாசியை விட்டுவைத்தால்தான் முகூர்த்தம் முகூர்த்தமாக இருக்கும், மொத்தமாக எடுத்தால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிடும். ரிசப்ஷனுக்கு இது நேர்மாறு. ஊதா பார் லைட் முகத்தில் அடித்தால் ஒயிட் பேலன்ஸ் எதுவும் வேலை செய்யாது, அந்த நிறத்தைத் தவிர வேறு நிறமே அங்கே பதிவாகியிருக்காது. ஹியூ வெர்சஸ் சாச்சுரேஷன் (எந்த நிறம், எவ்வளவு அழுத்தம்) வளைவில் அந்த ஊதாவை மட்டும் பிடித்து அழுத்தத்தைக் குறைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். அதோடு மல்லுக்கட்டி ஜெயித்தவனை நான் பார்த்ததில்லை.

முகம்

எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, கண்ணை நம்பிச் செய்யாமல் படத்தை அளந்து காட்டுகிற ஸ்கோப்பைத் திறந்து வையுங்கள். வெளிச்ச அளவுக்குப் பரேடும் நிறத்தின் சாயலுக்கு வெக்டர்ஸ்கோப்பும் இரண்டு போதும். வெக்டர்ஸ்கோப்பில் ஸ்கின் டோன் கோடு என்று ஒன்றை ஆன் பண்ணலாம், மேல் இடது பக்கமாகச் சாய்ந்து நிற்கும். கறுப்போ சிவப்போ மாநிறமோ, மனிதத் தோலின் சாயல் அந்தக் கோட்டை ஒட்டியேதான் விழும், மாறுவது வெளிச்சத்தின் அளவுதான். வெளிநாட்டு வீடியோக்களில் முகத்தை 70 சதவீதத்துக்கு ஏற்று என்பார்கள். அது அவர்கள் முகத்துக்கு. நம் ஊர் மாநிறத்தை அங்கே ஏற்றினால் சாம்பல் பூசியது போல வெளுக்கும், பார்க்கிறவர்கள் “பொண்ணு நல்லா இருக்கு, ஆனா நம்ம பொண்ணு மாதிரி இல்லையே” என்பார்கள். எனக்கு 45-லிருந்து 55 வரை சரியாக இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு நலங்கு. முகமெல்லாம் மஞ்சள் பூசி உட்கார்ந்திருக்கும்போது வெக்டர்ஸ்கோப்பில் முகம் கோட்டைவிட்டு மஞ்சள் பக்கம் ஓடும். புதிதாக வந்த என் தம்பி ஒருவன் அதைப் பார்த்துப் பதறி, கோட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டான். “அண்ணே, ஸ்கின் டோன் பெர்ஃபெக்டா வந்திருச்சு” என்றான். வந்துதான் இருந்தது, மஞ்சள்தான் முகத்தில் இல்லை. நலங்கு வைத்த தடயமே அழிந்துவிட்டது.

கையில் ஏற வேண்டிய பட்டன்கள்

இதை மேக்கில் படிக்கிறவர்கள் கன்ட்ரோலுக்குக் கமாண்ட், ஆல்ட்டுக்கு ஆப்ஷன் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆல்ட்-எஸ் புது நோட். கன்ட்ரோல்-டி அந்த நோட்டை மட்டும் அணைத்துப் பார்க்க, ஷிஃப்ட்-டி மொத்தக் கலரையும் அணைத்து முன்பின் பார்க்க. கீழ் அம்பு அடுத்த கிளிப், மேல் அம்பு முந்தைய கிளிப். சமக்குறி இருக்கிற பட்டனைத் தட்டினால் முந்தைய கிளிப்பின் கலர் அப்படியே இந்தக் கிளிப்புக்கு வரும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் கழித்தல் குறி அதற்கும் முந்தைய கிளிப்பிலிருந்து எடுக்கும். இரண்டு கேமராவை மாற்றி மாற்றி வெட்டியிருக்கிற இடத்தில் அந்தக் கழித்தல் குறி ஒரு வரப்பிரசாதம், தட்டித் தட்டி ஓடலாம். மவுஸின் நடு வீலால் வேறு எந்த தம்ப்நெயிலைக் கிளிக் செய்தாலும் அதன் கலர் இங்கே ஏறும். கன்ட்ரோல்-ஆல்ட்-ஜி ஸ்டில், அதாவது கலரோடு சேர்த்து ஒரு ஃப்ரேமின் படம், எடுக்கும், கன்ட்ரோல்-டபிள்யூ அந்த ஸ்டில்லைப் பாதித் திரையில் வைத்து ஒப்பிட்டுக் காட்டும். இந்த எட்டு ஒன்பது பட்டன் போதும், மிச்சத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

கிளிப் அடுக்கில் திருத்தம் செய்யும்போது முதல் சுற்று எக்ஸ்போஷர் மட்டும். வேறு எதையும் தொடாதீர்கள், ஒரு கிளிப்புக்குப் பத்து நொடிக்கு மேல் நிற்காதீர்கள், பெரும்பாலான கிளிப்பில் ஒன்றும் செய்ய வேண்டியே இருக்காது. சுற்று முடிந்ததும் லைட்பாக்ஸைத் திறந்தால் எல்லாக் கிளிப்பும் சின்னச் சின்னப் படமாக ஒரே திரையில் விரியும், எது துருத்திக்கொண்டு நிற்கிறதோ அது கண்ணில் குத்தும். அதை மட்டும் போய்ச் சரி பண்ணுங்கள். பத்து கிளிப்புக்கு ஒரே மாதிரித் திருத்தம் என்றால் அவற்றைச் செலக்ட் பண்ணி, ஒன்றில் மாற்றிவிட்டு, கலர் மெனுவில் ரிப்பிள் நோட் சேஞ்சஸ் டு செலக்டெட் கிளிப்ஸ் கொடுத்தால் மாற்றம் மற்றதற்கும் போகும். ஷாட் மேட்ச் என்று தானாகப் பொருத்துகிற வசதியும் இருக்கிறது, நான் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டேன், சிவப்புப் பட்டுப் புடவை ஃப்ரேமை நிறைத்தால் அதற்குக் குழம்பிவிடுகிறது.

ரிமோட் என்கிற ஒளிந்த வசதி

பலருக்குத் தெரியாத விஷயம் இது. ட்ரைபாடில் நிறுத்திய கேமரா முகூர்த்தத்தை 20 நிமிஷம் ஒரே ஃபைலாக எடுத்திருக்கிறது, அதை நீங்கள் 40 துண்டாக வெட்டியிருக்கிறீர்கள். சாதாரணமாக 40 துண்டுக்கும் தனித்தனிக் கலர், அதுதான் லோக்கல் வெர்ஷன். தம்ப்நெயிலில் ரைட் கிளிக் செய்து ரிமோட் வெர்ஷனை லோடு பண்ணினால், ஒரே ஃபைலிலிருந்து வந்த துண்டெல்லாம் ஒரே கலரைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்றில் மாற்றினால் நாற்பதிலும் மாறும். வெளிச்சம் மாறாத, கேமரா ஆடாத ஃபைலுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். நடுவில் யாராவது பெரிய ஃபோகஸ் லைட்டைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போயிருந்தால் அந்தத் துண்டை மட்டும் லோக்கலுக்கு மாற்றிவிடலாம்.

கனமானதைக் கடைசியில்

நாய்ஸ் ரிடக்ஷனை ஸ்டூடியோ பதிப்பு வைத்திருப்பவர்கள் முதல் நோட்டிலேயே போடலாம், ஆனால் போட்டுவிட்டு கன்ட்ரோல்-டி அடித்து அணைத்து வையுங்கள். கடைசியில் ஆன் பண்ணிக்கொண்டால் போதும், வேலை நடக்கும்போது அது ஓடினால் ஒவ்வொரு கிளிப்பும் ஆமை மாதிரி நகரும். அப்படியும் இடையில் ஆன் பண்ணிப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் அந்த நோட்டில் ரைட் கிளிக் செய்து நோட் கேஷை ஆன் செய்யுங்கள், ஒருமுறை கணக்குப் போட்டதைத் திரும்பப் போடாது. முகத்தோடு சேர்ந்து நகர்கிற ட்ராக் விண்டோ, மென்மையாக்குவது எல்லாம் பொண்ணு மாப்பிள்ளை க்ளோசப்புக்கு மட்டும். பந்தியில் சாப்பிடுகிறவர்கள் தங்கள் முகம் வந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், சருமம் மினுங்குகிறதா என்று பார்க்க மாட்டார்கள்.

எக்ஸ்போர்ட் போகும் முன் டெலிவர் பேஜில் யூஸ் ப்ராக்ஸி மீடியா டிக் ஆகாமல் இருக்கிறதா பாருங்கள், ஆகியிருந்தால் கால் அளவு ப்ராக்ஸியிலிருந்தே 4கே வரும், மங்கலாக. முழுதும் ஓடவிடாமல் முதலில் ஒவ்வொரு வெளிச்சத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்து இரண்டு நிமிஷ ஃபைல் ஒன்று போட்டு, போனிலும் வீட்டு டிவியிலும் பாருங்கள். நிறைய வீட்டு டிவி விவிட் மோடில்தான் இருக்கும், அங்கே குங்குமமும் ரோஜா மாலையும் திட்டாகத் தெரிந்தால் போஸ்ட்-கிளிப்பில் சிவப்பின் சாச்சுரேஷனைக் கொஞ்சம் இறக்குங்கள். ஒரே இடத்தில் இறக்கினால் குரூப் முழுக்க இறங்கிவிடும், இதற்காகத்தானே இவ்வளவும் செய்தோம்.

மண்டபத்துக்கு ஒரு ஆல்பம்

வேலை முடிந்ததும் கேலரியில் எட்டு மாதிரிக் கிளிப்பின் ஸ்டில்லையும் எடுத்து பவர்கிரேடு ஆல்பத்துக்குள் இழுத்துப் போடுங்கள். சாதாரண ஸ்டில் அந்தப் பிராஜெக்ட்டோடு போய்விடும், பவர்கிரேடு அடுத்த பிராஜெக்ட்டிலும் கிடைக்கும். ஒரு கவனம், குரூப் அடுக்கில் செய்த வேலை ஸ்டில்லோடு முழுதாக வராமல் போகலாம், ஆகவே மாதிரிக் கிளிப்புக்கு மட்டும் அந்த நோட்களைக் கிளிப் அடுக்கிலும் ஒரு பிரதி வைத்து, குரூப்பிலிருந்து வெளியே எடுத்துவிட்டு ஸ்டில் எடுப்பது என் வழக்கம். கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனால் ஐந்து நிமிஷ வேலை.

அதற்குப் பெயர் வைக்கும்போது கல்யாண வீட்டார் பெயரை வைக்காதீர்கள், மண்டபத்தின் பெயரை வையுங்கள். மண்டபம், இடம், கேமரா. திருமங்கலம் ரோட்டு மண்டபம், மணவறை, சோனி. மேலூர் மண்டபம், பந்தி, கேனான். நாம் சுற்றிச் சுற்றி அதே பத்துப் பதினைந்து மண்டபத்துக்குத்தானே போகிறோம். என்னிடம் இப்போது பதினொரு மண்டபம் இருக்கிறது, தெரிந்த இடமாக இருந்தால் 600 கிளிப் கல்யாணத்துக்கு முதல் சுற்று ஒரு மதியத்தில் முடிந்துவிடுகிறது, சாயங்காலம் ஜிகர்தண்டா குடிக்கப் போக நேரம் இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் மட்டும் ஒரு தடவை மேலே அண்ணாந்து பார்த்துவிடுங்கள். போன வைகாசியில் ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபத்துக்குப் போய், பழைய பவர்கிரேடை நம்பி நிம்மதியாக எடுத்து வந்தேன். வீட்டில் வந்து போட்டால் எல்லோரும் நீலமாக நிற்கிறார்கள். மணவறைக்கு மேலே இருந்த மஞ்சள் பல்பையெல்லாம் கழற்றிவிட்டு வெள்ளை எல்.இ.டி. மாட்டியிருக்கிறார்கள். என் ஆல்பத்தில் அந்த மண்டபத்துக்கு இப்போது இரண்டு ஸ்டில் இருக்கிறது, ஒன்றின் பெயருக்குப் பின்னால் ‘பழைய பல்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.